அந்த வண்டியை ஓட்டியது யார்?

கண்ணு, இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் பார்த்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் நீலக் குறி விழுந்து அப்படியே கிடக்கிறது. போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் எந்தக் கிழமையில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. பத்திரிகைக்காரியான நீ அச்சில் வந்ததையாவது படித்துத்தானே ஆக வேண்டும்? அதனால்தான் நம் ஊர்க்காரர் ஒருவர் நடத்தும் இந்த மாத இதழில் இடம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். உன் பெயரும் வேண்டாம், என் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் மகள் வெளிநாடுகளுக்குப் போய்ச் செய்தி எழுதுகிறவள், பயணப் புத்தகங்களும் எழுதுகிறவள். நான் காஞ்சிபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். கோயில் பார்க்க வருகிறவர்களுக்குக் கைடும் நான்தான்.

உன் புதுப் புத்தகம் தமிழிலும் வருகிறது, சென்னையில் விழா, அப்பாவும் அம்மாவும் முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறாய். உன் அம்மா அன்றைக்கே பீரோவைத் திறந்து புடவை தேட ஆரம்பித்துவிட்டாள். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, தெருவில் போகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். ஸ்டாண்டில் பேனர் வைக்கிறோம் என்று ஆட்டோக்காரர்கள் கிளம்பினார்கள். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். ஏன் என்று கேட்டதற்கு வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன். "பொண்ணு மேல கண்ணு பட்டுடும்னு பயப்படறாருபா" என்று அவர்களே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். காரணம் அது இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தம்பிக்கு நீ இன்னும் அத்தாட்சிக் கடிதம் கொடுக்கவில்லை.

அவனைத் தம்பி என்றே எழுதுகிறேன். ஊரையும் சொல்லவில்லை, பேரையும் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்கு ஆபத்து என்பது எனக்கும் புரியும். சண்டை நடந்த அந்த நாட்டில் உனக்கு வண்டி ஓட்டினவன். வண்டி மட்டுமா ஓட்டினான்? எந்தத் தெருவில் போகலாம், எந்தத் தெருவில் போகக் கூடாது, யாரிடம் எப்படிப் பேச வேண்டும், எந்த வீட்டில் தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள் என்று எல்லாம் அவன்தான் பார்த்துக்கொண்டான். அந்த ஊர்க்காரர்கள் பேசியதை உனக்கு ஆங்கிலத்தில் சொன்னதும் அவன்தான். உன் செய்திக்கு மேலே உன் பெயர் வந்தது, உன் போட்டோவும் வந்தது. அதில் எனக்குப் பெருமை இல்லை என்று யார் சொன்னார்கள்? அந்த நாட்களில் உன் அம்மா சாமி படத்துக்கு முன்னால் விளக்கை அணைய விடவில்லை. நீ லீவுக்கு வந்தபோது குண்டு துளைக்காத அந்தச் சட்டையை மறந்து விட்டுப்போனாய், ஞாபகம் இருக்கிறதா? அதை அவள் மாடிக் கொடியில் வெயிலில் காயப் போட்டாள். கொடி அறுந்து கீழே விழுந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "இது இன்னாமா, இவ்ளோ கனமா இருக்குது, குளிருக்குப் போடறதா?" என்று கேட்டதற்கு, "ஆமா, அங்க ரொம்பக் குளிரு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அழுதாள்.

அங்கே சிக்னல் கிடைக்காத நாட்களில் வீட்டுக்குத் தகவல் சொல்ல என் நம்பரைத் தம்பியிடம் கொடுத்தது நீதான். மெசேஜ் போட்டால் போதும் என்று சொல்லியிருந்தாய். அவன் போனே போட்டுவிட்டான். சாயங்காலம் ஸ்டாண்டில் நான் டீ குடிக்கிற நேரத்துக்குக் கூப்பிடுவான். "பிரதர், சிஸ்டர் ஓகே. ஹோட்டல் இன்சைட். டோர் லாக்." அவ்வளவுதான் சேதி. அதற்கு மேல் பேச இரண்டு பேருக்கும் பாஷை இல்லை. ஆனால் என்னிடம் இருப்பதும் கைடு இங்கிலீஷ், அவனிடம் இருப்பதும் கைடு இங்கிலீஷ். கம் சார், நோ பிராப்ளம் சார், திஸ் வே சார். அது போதுமானதாக இருந்தது. போகப் போக வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அவனுக்கு கிளட்சில் தொல்லை, எனக்கும் கிளட்சில் தொல்லை. உன்னிடம் நான் பேசியதைவிட அந்த மாதங்களில் அவனிடம்தான் அதிகம் பேசினேன். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் அவன் மகள் வீட்டில் இருப்பதும், அவளுக்குக் கணக்கு பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா?

உன் புத்தகத்தை விழாவுக்கு முன்னாலேயே அனுப்பியிருந்தாய். சவாரி இல்லாத நேரத்தில் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். அந்த ஊர் ரொட்டியை நீ எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எனக்கே பசித்தது. ஆனால் அந்தப் பாலத்து விஷயம் வருகிற இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். எதிரே குண்டு விழுகிறது, ரோடு குறுகல், திருப்ப இடமில்லை. "வண்டி வேகமாகப் பின்னால் நகர்ந்தது, நாங்கள் தப்பினோம்" என்று எழுதியிருக்கிறாய். ஏம்மா, வண்டி தானாகவா பின்னால் நகரும்? இரண்டு பக்கமும் பள்ளம், அவசரம், கழுத்தைத் திருப்பிக்கொண்டு அவ்வளவு தூரம் ரிவர்ஸில் வர வேண்டும் என்றால் என்ன அர்த்தம் என்று ஸ்டீயரிங் பிடித்தவனைக் கேட்டுப் பார். நம் தெருவில் எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தாலே ரிவர்ஸ் எடுக்க எனக்கு வேர்த்துவிடும். அன்றைக்குச் சாயங்காலம் அவன் கூப்பிட்டபோது அந்தப் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சிஸ்டர் ஓகே" என்று மட்டும்தான் சொன்னான். குரல் நடுங்கியது. கிளட்சா என்று கேட்டேன். ஆமாம் என்றான்.

உனக்கு அந்தத் தொப்பிக்காரர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கப் போவதில்லை. நிச்சயம் இருக்கும். மேடைக்கு மேடை அவர் கதையைத்தானே சொல்கிறாய். நீ ஆறாம் வகுப்புப் படிக்கும்போது தென்னாட்டுக் கோயில்களைப் பற்றிப் புத்தகம் எழுத வந்த வெள்ளைக்காரர். ஒரு வாரம் நம் வண்டியில்தான் சுற்றினார். உனக்கு லீவு, என் சீட்டில் ஒட்டிக்கொண்டு நீயும் வந்தாய். கூரத்துக்குப் போக வேண்டும், அங்கே பல்லவர் காலத்துக் கோயில் இருக்கிறது என்று படித்திருக்கிறேன் என்றார். எனக்கு வழி சரியாகத் தெரியாது. வயலில் வேலை செய்தவர்கள், டீக்கடை, பஞ்சாயத்து ஆபீஸ் என்று இறங்கி இறங்கிக் கேட்டு, பூட்டியிருந்த கோயிலுக்குச் சாவி வைத்திருந்தவரையும் தேடிப் பிடித்துத் திறக்கச் சொன்னேன். அவர் பாட்டுக்குப் படம் எடுத்தார், எழுதினார், போனார். வெகு நாள் கழித்துப் புத்தகம் பார்சலில் வந்தது. நீ அகராதியை வைத்துக்கொண்டு கூரம் வருகிற பக்கத்தைக் கண்டுபிடித்தாய். "எங்கள் ஆட்டோக்காரர், எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர்" என்று ஒரு வரி. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து, சவாரிக்கு வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி என் சீட்டுக்குப் பின்னால் ஒட்டினேன்.

நீதான் அன்றைக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாய். "ஏம்பா, வழி தெரியாம அவரு முழிச்சிக்கினு நின்னாரு. நீதானே கேட்டுக் கேட்டுக் கூட்டிக்கினு போன. சாவிகூட நீதான் வாங்கினு வந்த. அந்தக் கோயிலைக் கட்டின ராசா பேரெல்லாம் போட்டுக்கிறாரு. வண்டி ஓட்டினது யாருன்னு ஏன் போடல?" என்று கத்தினாய். "அதான் சிரிச்ச முகம்னு போட்டிருக்காரேடி" என்றேன். "அது பேராப்பா?" என்றாய். உன் அம்மா பயந்துபோய்த் திருநீறு வைத்தாள். பெரியவளானதும் நானும் ஊர் ஊராகப் போய் எழுதுவேன், எல்லார் பேரையும் போடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் அன்றைக்குச் சாப்பிட்டாய். இப்போது பேட்டிகளில் இந்தக் கதையைச் சொல்கிறாய், கைதட்டுகிறார்கள். போன முறை சொன்னதை யூடியூபில் பார்த்தேன். அந்தக் கைதட்டலைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

பெயர் போடாதது அவனுடைய பாதுகாப்புக்கு என்று நீ சொன்னாய். அதை நான் ஒப்புக்கொள்கிறேன், அதில் உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. புத்தகத்தில் போடாதே, பேப்பரில் போடாதே, மேடையில் சொல்லாதே. ஆனால் போட வேண்டிய இடத்தில் போடு என்றுதான் கேட்கிறேன். நிலைமை மோசமானதும் உன் ஆபீஸ் உனக்கு விமானத்தில் இடம் பிடித்துக் கொடுத்து வெளியே கொண்டுவந்தது. ஏர்போர்ட் வரை உன்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவன் வீட்டுக்குத் திரும்பினான். வெளிநாட்டுக்காரிக்கு வண்டி ஓட்டினவன் எங்கே என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டினான். இப்போது பக்கத்து நாட்டில் ஒரு அறையில் மூன்று பேர் இருக்கிறார்கள். அவன் அங்கே தங்குவதற்குக் கொடுத்த கெடு முடியப்போகிறது. வேறொரு நாட்டில் அடைக்கலம் கேட்டிருக்கிறான். இவன் பத்திரிகைக்கு வேலை செய்தவன், அதனால்தான் இவன் உயிருக்கு ஆபத்து என்று வேலை கொடுத்தவர்கள் எழுதிக் கொடுத்தால் பரிசீலிப்போம் என்கிறார்கள். கிடைக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று நீதான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய்.

எல்லை தாண்டினதும் முதலில் எனக்குத்தான் கூப்பிட்டான். எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? "மை டாட்டர். ஷீ வில் டூ. மை கேரண்டி" என்றேன். அவசரத்தில் வாயில் வந்துவிட்டது. காலம் பூராவும் பட்டுக்கடை வாசலில் சொல்லிப் பழகின வார்த்தை. ஆனால் நம் ஸ்டாண்டில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியும். ஒருத்தரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால், அங்கே நடக்கிற நல்லது கெட்டதுக்குக் கூட்டிப்போனவன்தான் பொறுப்பு. ஒரு முறை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த குடும்பத்துக்குப் போலி ஜரிகையைத் தலையில் கட்டிவிட்டார்கள். அவர்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு நேரே என் ஆட்டோவைத் தேடித்தான் வந்தார்கள், கடைக்குப் போகவில்லை. நான் போய்க் கடை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நீயும் பக்கத்தில் வீட்டுப்பாடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாய். "இன்னாபா, நம்ம ஆளா இருந்துக்கினு நீயே இப்படிப் பண்றியே" என்று முதலாளி கெஞ்சினார், மிரட்டினார். வேறு புடவை கொடுக்கிற வரை நாம் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் கடையில் என்னைச் சேர்க்கவில்லை, அவர் சொல்லி இன்னும் நாலு கடையிலும் சேர்க்கவில்லை. அந்த வருஷம் வீட்டில் கஷ்டம்தான். உனக்கும் அது தெரியும்.

அதனால் வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரியாது என்று மட்டும் சொல்லாதே. பொங்கலுக்கு வந்தபோது அதைத்தான் சொன்னாய். தட்டில் இட்லியை வைத்துவிட்டு உன் அம்மாதான் முதலில் கேட்டாள். "அந்தப் புள்ளைக்கு எழுதிக் குடுத்துட்டியாமா?" நீ போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ப்ராசஸ்ல இருக்குதுமா" என்றாய்.

"இன்னா ப்ராசஸ்? ஒரு பக்கம் எழுதறதுக்கா?" என்று நான் கேட்டேன்.

"அப்பா, அவரு கம்பெனி ஸ்டாஃப் கிடையாது. டெய்லி பேசிஸ்ல நான்தான் வச்சிக்கினேன். லீகல் டீம் பாத்துக்கினு இருக்காங்க. நானா எழுதக் கூடாதுன்னு மெயில் போட்டுக்கிறாங்க. எழுதினா என் கான்ட்ராக்டே போயிடும்பா, உனக்குப் புரியாது."

"நீதானே வச்சிக்கின? அப்ப நீதானே எழுதணும்?"

"ஐயோ, விடுப்பா. நான் ஒண்ணும் சும்மா இல்ல. டெய்லி ரிமைண்டர் போட்டுக்கினுதான் இருக்கேன்."

உன் கண்ணில் தண்ணீர் இருந்ததை நான் பார்த்தேன். உனக்கும் தூக்கம் இல்லை என்று அம்மா சொன்னாள். உனக்கு ஈரமே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் ரிமைண்டர் போடுவது ஆபீசில் இருப்பவர்கள் செய்கிற வேலை. நீ கடை நடுவில் போய் உட்கார வேண்டும். என்னை வேலையை விட்டு எடு, ஆனால் இதை எழுதாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். எடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எடுத்தாலும் எடுக்கலாம். இத்தனை நாடு பார்த்தவளுக்கு, இத்தனை எழுதினவளுக்கு இன்னொரு பத்திரிகை கிடைக்காதா? அவனுக்கு இன்னொரு உயிர் கிடைக்குமா? இதைச் சொன்னால் "எமோஷனலா பேசாதப்பா" என்கிறாய். வேறெப்படிப் பேசுவது?

நீ ஊருக்குப் போன பிறகு நானே ஒரு முயற்சி செய்தேன். சிரிக்காதே. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் இருக்கிற நோட்டரி வக்கீலிடம் போனேன். இந்த மாதிரி ஒருத்தருக்கு நான் சாட்சி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். "அவரு உங்களுக்கு இன்னா வேணுங்க?" என்றார். என் பெண்ணுக்கு வண்டி ஓட்டினவர் என்றேன். "ஓட்டினத நீங்க பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை, தினமும் போனில் கேட்டேன் என்றேன். "போன்ல கேட்டதெல்லாம் சாட்சி ஆவாதுபா. கண்ணால பாத்தவங்க யாருனா இருக்காங்களா?" என் பெண் இருக்கிறாள் என்றேன். "அப்ப அவங்களக் கூட்டிக்கினு வாங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்றார். அஞ்சு நிமிஷ வேலையாம். நான் வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். எத்தனையோ பேரை எத்தனையோ இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். பெற்ற பெண்ணை ஒரு மேஜைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வர முடியவில்லை.

நேற்று சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். நீ அந்த நாட்டை விட்டு வந்து இவ்வளவு நாளாகியும், போனை எடுத்தால் அவன் முதல் வார்த்தை இன்னும் "சிஸ்டர் ஓகே?" என்பதுதான். முன்பு அவன் எனக்குச் சொன்னதை இப்போது என்னிடம் கேட்கிறான். ஓகே, சிஸ்டர் புக் வருகிறது, பெரிய விழா என்றேன். சந்தோஷப்பட்டான். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில், "பிரதர், ஐ ஆம் இன் புக்?" என்றான். இருக்கிறாய் என்று சொல்லிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். எண்பது பக்கம் தாண்டி ஒரே ஒரு இடம். அதை என் இங்கிலீஷில் அவனுக்குச் சொன்னேன். "எங்கள் ஓட்டுநர், எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர்." நீ எழுதினதுதான் கண்ணு. ஒரு எழுத்து நான் மாற்றவில்லை. அந்தப் பக்கம் அவன் கத்தின கத்தலில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். பெண்டாட்டியைக் கூப்பிட்டு அவர்கள் பாஷையில் சொல்கிறான், அவள் சிரிக்கிறாள், அந்தக் குழந்தை என்ன என்ன என்று கேட்கிறது.

அன்றைக்கு நானும் இப்படித்தான் குதித்தேன். ஆனால் எனக்காகக் கோபப்பட வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவனுக்காகக் கோபப்பட இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன், என் கோபத்தை எந்த நாட்டு ஆபீசிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நோட்டரியிடம் சொல்லி அந்தக் கடிதத்தை டைப் அடித்து வாங்கி வைத்திருக்கிறேன். அவன் பெயர் அதில் முழுசாக இருக்கிறது, கீழே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். விழாவுக்கு அவசியம் வருகிறேன், அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வருவேன். அதற்குள் நீயே எழுதி அனுப்பிவிட்டால் முதல் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கிற வரை தட்டுவேன். இல்லையென்றால், நீ தொப்பிக்காரர் கதையைச் சொல்லி முடித்து, கேள்வி கேட்கலாம் என்று அறிவித்ததும் நான் கையைத் தூக்குவேன். ஆறாம் வகுப்பில் நீ கேட்ட கேள்வியைத்தான் கேட்பேன். மைக்கைக் கொடுப்பவர் நீங்கள் யார் என்று கேட்டால் அப்பா என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் ஆட்டோக்காரர்